எலிக்கு முதலில் கொடுத்த கஷாயம்

பூண்டும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்று எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த செய்தி: "பிலோமினா மேடம் இன்று காலை காலமானார்." அந்தப் பூண்டுச் செய்தியை விரட்ட இனி ஆளில்லை.

மந்தைவெளியில் அவரோடு நடந்த உங்களுக்கு அவரைத் தெரியும். சர்ச்சில் காலைப் பூசை முடித்து நேராகப் பூங்காவுக்கு வருவார். செடிகொடிகளின் சாறு இதயத்தைக் காயத்திலிருந்து காக்குமா என்று முப்பது வருடம் ஆய்வகத்தில் எலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தவர். நம்மில் பாதிப் பேர் அவரை ஓசி வைத்தியராக நினைத்தோம். மீதிப் பேர் அதை வெளியில் சொல்லவில்லை.

எனக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மருதம்பட்டை பற்றி மேடம் எழுதிய கட்டுரை கையில் கிடைத்ததும், மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறினேன். வீட்டில் மூச்சு விடவில்லை. பத்தாம் நாள் ஃபிளாஸ்க்கோடு போய் அவரிடமே பெருமையடித்தேன்.

"மாத்திரை?" என்றார்.

"விட்டாச்சு மேடம். உங்க கட்டுரை இருக்கும்போது எனக்கென்ன?"

"முழுசாப் படிச்சீங்களா?"

"தலைப்பு. அப்புறம் கடைசி பாரா."

அவர் சிரிக்கவில்லை. "எலிக்கு முதல்ல கஷாயம் குடுத்தோம் சார். அப்புறம்தான் இதயத்தைக் காயப்படுத்தினோம். உங்களுக்கு எல்லாம் ஆகி முடிஞ்சாச்சு. மாத்திரைய நிறுத்தினா அந்த ஸ்டென்ட்ல ரத்தம் உறைஞ்சிடும். ஆட்டோல ஏறுங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், மேடம்கிட்ட செமயா வாங்கிக்கினு வர்ற மாதிரி கீது?" என்றார்.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் மேடம்.

பரிசோதித்த இதய மருத்துவர், "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் மனைவிக்கு ஃபோன் போட்டுக் காட்டிக்கொடுத்ததும் மேடம்தான். அன்று இரண்டாவது முறையாக உயிருக்குப் பயந்தேன்.

திரும்பும்போது கேட்டேன்: "அப்ப மருதம்பட்டை மனுஷனுக்குக் கேக்குமா, கேக்காதா?"

"தெரியாது சார்."

"முப்பது வருஷம் பாத்துட்டுமா?"

"பாத்ததாலதான் சொல்றேன்."

பத்திரிகையில் தெரியாததையும் தெரிந்த மாதிரி எழுதினால்தான் என் பிழைப்பு ஓடும். அப்படிப்பட்டவனிடம் அந்த ஒரு 'தெரியாது'வை அவர் விட்டுப் போயிருக்கிறார். நான் இன்று இதை எழுத உயிரோடிருப்பதும் அவரால்தான்.

நேற்று பூங்காவில் ஒருவர் அந்தப் பூண்டுச் சாறு பற்றி என்னிடம் கேட்டார்.

"தெரியாது சார். காலை மாத்திரை போட்டீங்களா?" என்றேன்.

அவர் உடனே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.