ஐந்து புள்ளி நாலு

ஆம்புரோஸ் இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் காலை ஆறு மணியானால் ரோசரிக்கு இடது கை மோதிர விரலின் நுனியில் சுருக்கென்று குத்தும். குத்திய கொஞ்ச நேரத்தில், ரத்தத்தில் சீனி பார்க்கிற அந்த மிஷின் 'பீப்' என்று சத்தம் போடும். மிஷினில் பேட்டரி கிடையாது. அவளே கழற்றிவிட்டு, பழைய துண்டில் சுற்றி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஆனாலும் சத்தம் அலமாரியிலிருந்து வருவதில்லை. குசினி மேசையிலிருந்து, எப்போதும் இருந்த இடத்திலிருந்துதான் வரும்.

அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவள் பழகிக்கொண்டாள். அடுப்பைப் பார்த்தபடியே நிற்பாள். முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆம்புரோஸ் உட்கார்ந்திருப்பார். வலது காலைத் தூக்கி முக்காலியில் வைத்திருப்பார். ஸ்பிரிட் வாசனை அடிக்கும், அதற்கு அடியில் புண்ணின் வாசனையும் இருக்கும். உயிரோடு இருந்தபோது வாய் ஓயாத மனுஷன் செத்த பிறகு இப்படி ஊமையாகிப் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோப்பியை ஒரு கிளாஸ் போடுவதா இரண்டு கிளாஸ் போடுவதா என்று தினமும் கை தடுமாறும்.

தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பேய் ஒன்றும் புதிதல்ல. பாகான் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினாலு வயதில் பால்வெட்டக் கத்தி பிடித்தவள் அவள். விடியுமுன் மரக்காட்டுக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். அந்தப் பேய்கள் லயத்து வீடுகள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, மரியாதை தெரிந்தவை. ஆனால் கட்டின புருஷனைப் பார்த்து எப்படிச் சிலுவை போடுவது?

அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர்தான் ஆம்புரோஸ். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்க்கத் தொடங்கியதும் இருவரும் ஈப்போவுக்கு வந்து சிலிபினில் ஒரு பலகை வீட்டில் குடியேறினார்கள். அவருக்கு ஈயச் சுரங்கத்தில் லாரி வேலை, அவளுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் வைக்கிற வேலை. ஒரே பிள்ளை பெட்ரீசியா. படிப்பில் கெட்டி, பிடிவாதத்தில் அதைவிடக் கெட்டி. எண்பத்தொன்றில் ஆம்புரோஸ் லாரியிலேயே மயங்கி விழுந்து, இனிப்பு நீர் வியாதி என்று கண்டுபிடித்தபோது, அந்தப் பெண் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷம் வீணானது. பிறகு கெஞ்சிக் கூத்தாடி அவளைப் படிக்க வைத்து, சிங்கப்பூரில் நர்ஸ் பயிற்சிக்கு அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இனி தன்னால் பிள்ளையின் படிப்பு ஒரு நாளும் கெடக் கூடாது என்று ஆம்புரோஸ் மாதா படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார். வினையே அந்தச் சத்தியத்தில்தான் ஆரம்பித்தது.

எண்பத்தைந்தில் ஈஸ்டருக்கு வந்த பெட்ரீசியா அந்த மிஷினைக் கொண்டுவந்தாள். சின்ன ரேடியோ அளவுதான் இருக்கும். விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டைத் தாளில் வைக்க வேண்டும். பீப் என்றதும் பஞ்சால் துடைத்து, தாளை மிஷினுக்குள் செருகிக் காத்திருந்தால், சீனி எவ்வளவு என்று எண் வரும். வெறும் வயிற்றில் ஆறுக்குள் வந்தால் சரியான அளவு. அக்கம்பக்கத்தில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அன்றைக்கு ஆம்புரோஸுக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்பது வந்தது.

"பண்டிகைச் சாப்பாடு லா, பாப்பா. ரெண்டு நாள்ல எறங்கிடும்" என்றார் அவர்.

"எறங்கணும்ப்பா. திங்கள், புதன், வெள்ளி காலையில வெறும் வயித்துல பாத்து நோட்டுல எழுதுங்க. ஞாயித்துக்கிழமை போன்ல கேப்பேன். பத்துக்கு மேலயே நின்னுச்சுன்னா நான் படிப்ப விட்டுட்டு வந்துருவேன். சும்மா சொல்லல."

அவள் சும்மா சொல்கிற ரகமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? அடுத்த திங்கட்கிழமை அவருக்குப் பதினாறு புள்ளி எட்டு வந்தது. ஆம்புரோஸ் எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனா கையில் இருந்தது, எழுதவில்லை.

"ரோசரி, ஒன் வெரலக் குடு."

"எதுக்குங்க?"

"குடு லா. இன்னும் ஒரு வாரம் போனா எனக்கும் எறங்கிடும். அதுவரைக்கும்."

அவள் கொடுத்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் கேட்டு அவள் எதைத்தான் இல்லை என்றாள்? ஐந்து புள்ளி நாலு. 'ஆம்புரோஸ்' என்று பேர் எழுதிய நோட்டின் முதல் வரியில் அந்த எண் ஏறியது.

ஒரு வாரம் என்றது எட்டு மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பக்கத்து வீட்டு வீரம்மா வீட்டுக்குப் போய் போன் பக்கத்தில் உட்காருவார்கள். மணி அடித்ததும் ஆம்புரோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிற தோரணையில் மூன்று எண்களையும் வாசிப்பார். வீரம்மா அதைக் காதில் வாங்கி, இரண்டு எண்களைச் சேர்த்து, புள்ளியை எடுத்துவிட்டு நாலு நம்பர் லாட்டரிக் கடையில் பணம் கட்டுவாள். ஒரு தடவையாவது விழ வேண்டுமே! "ஒன் புருஷன் சீனி எனக்கு ராசியில்ல, ரோசரி" என்று அவள் அலுத்துக்கொள்ளும்போது ரோசரி சிரித்தபடி, குத்திய விரலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொள்வாள்.

எண்கள் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் பெண் சந்தேகப்படுவாள் என்று ஆம்புரோஸுக்குத் தோன்றியது. அதனால் சில நாள் முந்தின சாயங்காலமே பிசாங் கோரெங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜியை வாங்கிவந்து வைத்திருந்து, காலையில் அவளைச் சாப்பிடச் சொல்வார். ஆறிப்போன பிசாங் கோரெங் ரப்பராக இழுக்கும். அவள் ஒன்றைத் தின்றால் துணைக்கென்று அவர் இரண்டைத் தின்பார். அரை மணி கழித்து அவள் விரலில் குத்துவார். "பாரு, ஏழு புள்ளி எட்டு. இப்பதான் நம்புற மாதிரி இருக்கு!" அந்தக் காலை நேரங்களில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். பின்னாளில் ரோசரியால் மன்னிக்க முடியாமல் போனது அதைத்தான்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. வாரம் போகப் போக, தன் பேருக்குக் கீழே இருந்த எண்களை ஆம்புரோஸே நம்பத் தொடங்கினார். நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார். கிளினிக்கில் ரத்தம் எடுக்கக் கூப்பிட்ட தேதிகளுக்குப் போவதில்லை, மாத்திரை வாங்க மட்டும் போய்வந்தார். "வீட்டுலயே மிஷின் இருக்கு, அங்க போயி என்னாத்துக்குக் கெடக்கணும்?" என்பார். தொண்டை வறண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததும், கால் மரத்துப்போனதும் வெயிலால் என்றார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, போனில் பெட்ரீசியாவின் குரல் துள்ளியது. "அப்பா, அஞ்சு, அஞ்சு, நாலு புள்ளி ஒம்பது! ரொம்ப எறங்கினாலும் மயக்கம் வந்துரும். ராத்திரி மாத்திரைய நிறுத்திடுங்க. காலையில மட்டும் போதும்."

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் ரோசரி கேட்டாள். "ஏங்க, அது என் ரத்தம் தானே? மாத்திரைய நிறுத்தலாமா?"

"நமக்குள்ள என்னா ஒன் ரத்தம், என் ரத்தம்? நர்சு சொல்லிட்டா, முடிஞ்சிச்சு" என்று சிரித்தார் ஆம்புரோஸ்.

அவள் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். வீரம்மா வீட்டுக்கு ஓடி, அந்த நிமிஷமே சிங்கப்பூருக்குப் போன் போட்டிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அவ்வளவு தெம்பாகச் சிரித்து வெகுநாளாகியிருந்தது, அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

டிசம்பரில் செருப்பில் குத்திய ஆணி காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது பாதம் கறுத்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சீனி இருபத்தாறு என்றார்கள். ஓடிவந்த பெட்ரீசியா அதைக் கேட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். புண் வந்தால் சீனி ஏறும் என்பது அவள் படித்ததுதான், அதனால் நோட்டில் இருந்த எண்களை அவள் சந்தேகிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னது தான்தான் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. இரண்டையும் சேர்த்து அவளே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

காலை வெட்டி எடுத்தும் விஷம் நிற்கவில்லை. கடைசி நாள் மத்தியானம் ஆம்புரோஸ் ரோசரியின் கையைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னார்.

"பாப்பாகிட்ட சொல்லிடாத. அப்பா பொய்யன்னு நெனப்பா."

அவள் தலையாட்டினாள். சாகிறவருக்கு வேறென்ன செய்வது? அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டுதான் அவர் போனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் குசினியில் பீப் என்று கேட்டது.

அந்த வருஷம் முழுக்கப் பெட்ரீசியாவின் கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த வார்டில் கை நடுங்குகிறது என்று எழுதினாள். ஒரு ஊசி போடுமுன் அளவை நாலு தடவை பார்க்கிறாளாம், அப்புறமும் போட முடியவில்லையாம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று ரோசரி இரண்டு முறை கோயில் வரை போனாள். கடவுள் மன்னித்துவிடுவார், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதனால் சிங்கப்பூரில் ஒரு பெண்ணின் கை நடுக்கம் நிற்குமா?

அப்பா இறந்த ஆண்டுப் பூசைக்குப் பெட்ரீசியா வந்தாள். கன்னம் ஒட்டி, முப்பது வயசுக்காரி மாதிரி இருந்தாள். பூசை முடிந்து, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, குசினி மேசையில் அப்பாவின் நோட்டை விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் படித்தாள். பக்கத்தில் ஒட்டாத உறை ஒன்று கிடந்தது.

"என்னாடி அது?"

"வேலைய விடுறேன்னு எழுதியிருக்கேன். திங்கக்கெழம போஸ்ட் பண்ணணும். உங்க கூடவே சட்டை ஃபேக்டரிக்கு வாரேன்மா."

"பாப்பா..."

"எட்டு மாசம், ஒரு நாள்கூட எட்டத் தாண்டல. எவ்வளவு ஒழுங்கா இருந்திருக்காரு பாருங்க. அவரு ஒழுங்காத்தான் இருந்தாரு. நான்தான்மா மாத்திரைய நிறுத்திக் கொன்னுட்டேன்."

மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெளிச்சம். ஆனாலும் ஸ்பிரிட் வாசனை வந்தது. பெட்ரீசியாவுக்கு எதிரே காலியாகக் கிடந்த நாற்காலி காலியாக இல்லை. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ரோசரி அந்தப் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"என்னை மன்னிச்சிருங்க. இதுக்கு மேல என்னால முடியாது" என்றாள், நாற்காலியைப் பார்த்து.

பிறகு மகளைப் பார்த்தாள். "அது ஒங்கப்பா ரத்தம் இல்லடி. என்னுது."

பெட்ரீசியா நம்பவில்லை. துக்கத்தில் அம்மா உளறுகிறாள் என்றுதான் நினைத்தாள். ரோசரி நோட்டைப் பிடுங்கி மூடினாள். "ஜூன் பன்னெண்டு, ஏழு புள்ளி எட்டு. மொதநாள் வாங்குன பிசாங் கோரெங்கக் காலையில தின்ன வச்சாரு. ஆகஸ்ட் மாசம் ஒரு வாரம் முழுக்க ஆறுக்கு மேல இருக்கும், எனக்குக் காய்ச்சல். நாலு புள்ளி ஒம்பது வந்துச்சே, அன்னிக்கு மொதநாள் நான் ஒருசந்தி, ஒரே வேளைதான் சாப்புட்டேன். ஒவ்வொரு நம்பரும் என் வெரல்லேர்ந்து வந்தது. நீ படிப்ப விட்டுடுவேன்னு பயந்து செஞ்சாரு. நான் வெரலக் குடுத்தேன். நீ ஒண்ணும் செய்யல, பாப்பா. கேட்டுக்க, நீ ஒண்ணும் செய்யல."

பெட்ரீசியா நோட்டைத் திறந்து பார்த்தாள். ஜூன் பன்னிரண்டு. ஆகஸ்ட். பிறகு எழுந்து முன்னறைக்குப் போனாள். அவள் அழுவாள், கத்துவாள், சாமானைத் தூக்கி எறிவாள் என்று ரோசரி காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இருட்டுவதற்குள் உறை நாலாகக் கிழிந்து குப்பைக்கூடையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் ரோசரி மாதா படத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மகள் வந்து தூக்கவில்லை.

மறுநாள் காலை குசினியில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. விரலும் வலிக்கவில்லை. நிம்மதி வரும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலாக, வாக்குத் தவறியவளை முகம் பார்க்கப் பிடிக்காமல் ஆம்புரோஸ் எழுந்து போய்விட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

சிங்கப்பூர் பஸ் பத்தரைக்கு. பெட்டியை ஏற்றிவிட்டு, படியில் ஒரு கால் வைத்த பெட்ரீசியா நின்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது, கை மட்டும் கம்பியை அழுத்தமாகப் பிடித்திருந்தது.

"நாளைக்கு டூட்டில சேந்துருவேன்மா."

"சரிடி. போயி ஒரு வரி எழுது."

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அப்பாவ நல்லாப் பாத்துக்குறேன்னு நெனச்சுத்தான் போன் பண்ணேன். எட்டு மாசமா நான் உங்களத்தான் பாத்துருக்கேன்." அவள் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "அப்பாவ யாரும்மா பாத்தா?"

டிரைவர் ஹாரன் அடித்தான். கதவு மூடிக்கொண்டது.