மகள் அடுக்கிவிட்டுப் போன ஜன்னல்கள்

எழுத்துகள் தள்ளாடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதக் கற்றவன், ஒற்றை விரலால் தட்டுகிறேன். ஆனாலும் எழுதுகிறேனே!

இந்த ஊர் சால்ட் லேக்கில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மகள் சென்னைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவள் புரோகிராம் எழுதப் பயன்படுத்திய மென்பொருளை வீட்டுக் கம்ப்யூட்டரில் தினமும் திறந்து பார்ப்பேன். ஒன்றும் புரியாது. ஆனால் அதற்குள் இருக்கும் சின்ன ஜன்னல்களைத் தன் வசதிக்கு அடுக்கியிருந்தாள். அவள் இப்போதுதான் டீ போட எழுந்து போனதுபோல இருக்கும்.

இன்று காலை மவுஸை எங்கோ இழுத்ததில் எல்லாம் கலைந்துவிட்டது. பதறிப்போய் அவளுக்கு போன் செய்தேன்.

"இதுக்கா பயந்தே? மேல விண்டோ மெனுல ரீசெட்னு இருக்கும், அமுக்குப்பா."

"அமுக்கினா நீ வெச்ச மாதிரியே வருமா?"

"அது வராது. எல்லாருக்கும் முதல்ல வர்ற மாதிரி வரும்."

நான் அமுக்கவில்லை. கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பலில் சரக்கு அடுக்கியவன் நான். எது எங்கே இருந்தது என்று மறக்காது. பிழை காட்டும் ஜன்னலைக் கீழே, கோப்புப் பட்டியலை இடப்பக்கம் என்று ஒவ்வொன்றாக இழுத்து வைத்தேன். சோறு ஆறிப்போனது. ஆனால் எல்லாம் அப்படியே வந்துவிட்டது!

மறுபடி போன் செய்து சொன்னேன். சிரித்தாள்.

"ஐயோ அப்பா, இங்க நான் பட்டியல வலப்பக்கம் மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு!"

"இந்த வீட்டுல அது இடப்பக்கம்தான்" என்றேன்.

உங்கள் பிள்ளைகளும் சொல்லாமல்தான் மாற்றுகிறார்களா? பதில் போடுங்கள். படித்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும், முடித்ததும் எழுதுகிறேன்.