எட்டாவது துணி

“இந்த மண்டைக்குள்ள ஒரு விஷயம் போச்சுன்னா போனதுதான். எவன் எனக்கு என்ன பண்ணினான், என்னைக்குப் பண்ணினான், அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தான், எல்லாம் சொல்லுவேன். மறதியா? அது எங்க வீட்டு வாசப்படியே ஏறினதில்ல.”

டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடித்துப்போட்டு உட்கார்ந்தபடி மேஸ்திரி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது கடையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் இதை ஏற்கெனவே கேட்டவர்கள். ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. எழுந்து போனால் அதுவும் பதிவாகிவிடும், சட்டை நிறத்தோடு.

ஊர் அவருக்கு வைத்த பெயர் கல்வெட்டு. கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

லாரிகளின் அடிவயிற்றைப் பார்த்துக்கொள்வது அவர் தொழில். லாரியின் முகத்தை அலங்கரிக்க ஆயிரம் பேர் வருவார்கள். அடியில் படுத்து, மொத்த வண்டியையும் தாங்குகிற சேசிஸ் என்னும் இரண்டு நீள இரும்புச் சட்டங்களைச் சுரண்டி, துருவை எடுத்து, தண்ணீர் படாமலிருக்க அண்டர்கோட்டிங் அடிக்க எத்தனை பேர் வருவார்கள்? இருபத்தெட்டு வருடம் மல்லாந்து படுத்தே சம்பாதித்த மனிதர் என்று அவரைப் பற்றிச் சொன்னால் அது அவதூறு அல்ல, தொழில் விவரம்.

அவருடைய நினைவாற்றலுக்கு ஒரு சான்று போதும். மூன்றாம் வகுப்பில் அவர் பென்சிலை இரவல் வாங்கிக் கடித்துவைத்துத் திருப்பிக் கொடுத்த பையன் இன்று ஊரில் இருக்கும் ஒரே பல் டாக்டர். கல்வெட்டுக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனார். “அவன் பல்லு எனக்குத் தெரியும். என் பல்லு அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

ஆனால் பென்சில் எல்லாம் சில்லறைக் குற்றம். கல்வெட்டின் உச்சியில் ஆழமாகச் செதுக்கப்பட்ட பெயர் அவர் மனைவியின் தம்பியுடையது. பதினோரு வருடம் அவர் பட்டறையில் கூடவே வேலை பார்த்த மைத்துனன். அவன்மேல் குற்றச்சாட்டுகள் மூன்று. முதலாவது, ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “மாமா, கோட்டிங்க ரொம்ப மொத்தமா அடிக்கிறீங்க, பாளம் பாளமா நிக்குது” என்று சொன்னது. இரண்டாவது, அதற்கு அவர் கொடுத்த மறுமொழியைத் தாங்க முடியாமல் வெளியேறி, தெருவுக்கு அந்தப் பக்கம் நேரெதிரே சொந்தமாக ஷெட் போட்டது. அதுவும் அவர் போர்டைவிட இரண்டு சாண் பெரிய போர்டோடு. மூன்றாவதுதான் மன்னிக்கவே முடியாதது. போகிற போக்கில் சமையலறை சன்னல் திரையையும் திருடிக்கொண்டு போனான். மஞ்சள் துணி, அதில் குட்டிக் குட்டியாய்ச் சிவப்புக் குடைகள். மனைவி ஆசைப்பட்டு வாங்கியது.

“அவன் எதுக்குங்க திரைய எடுத்துட்டுப் போறான்? அவன் ஷெட்டுல சன்னலே கிடையாதே” என்று மனைவி கேட்டாள்.

“அதைத்தான் நானும் சொல்றேன். தேவைக்கு எடுத்தா அது திருட்டு. தேவையில்லாம எடுத்தா அது வன்மம்.”

அந்த வன்மத்துக்குப் பதில் வன்மம் உடனே ஆரம்பமானது. மைத்துனன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று பட்டறையின் முன்வாசலைச் சுவர் வைத்து அடைத்துப் பின்சந்துக்கு மாற்றினார். பின்சந்தில் ஆட்டோ திரும்பும், லாரி திரும்பாது. திரும்ப முடியாத டிரைவர்கள் முன்தெருவுக்கே வந்து, அடைத்த சுவரைப் பார்த்துத் திகைத்து, எதிரே அகலமாகத் திறந்திருந்த ஷெட்டில் வண்டியை விட்டார்கள். ஆக, முதல் பழிவாங்கலிலேயே எதிரிக்கு நான்கு வாடிக்கையாளர்களைத் தேடிக்கொடுத்த பெருமை கல்வெட்டையே சேரும். சுவரை இடித்தார். இடித்த செலவும் மைத்துனன் பெயரிலேயே மண்டைக்குள் ஏறியது.

இப்படி ஆறு வருடம் போன பிறகுதான் மீன் லாரி அவருக்கு ஓர் ஆயுதமாகக் கிடைத்தது.

மீன் லாரி ஓர் அம்மாவுடையது. மீன் சந்தையில் பதினாறு லாரிகள் ஓடுகின்றன. அந்த அம்மா எந்தப் பட்டறைக்குப் போகிறாரோ அங்கேதான் மற்ற பதினைந்தும் போகும். மீன் லாரியைவிட வேகமாகத் துருப்பிடிக்கிற வாகனம் உலகத்தில் இல்லை. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீரும் மீன் தண்ணீரும் கலந்து நாள் முழுக்கச் சேசிஸ்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். மைத்துனன் வெளியேறிய அந்த வெள்ளிக்கு அடுத்த திங்களே இந்த லாரி கல்வெட்டிடம் வந்தது. உதவிக்கு ஆள் இல்லை. “அவன் இல்லாட்டி என் கை முடங்கிடுமா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தனி ஆளாக மூன்றே நாளில் சாம்பல் நிறத்தில் கோட்டிங் அடித்து முடித்தார். அந்தச் சாதனையை அதற்குப் பிறகு டீக்கடையில் அறுபது தடவையாவது அடித்திருப்பார். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன், மேல்பூச்சு புதுப்பிக்க அந்த அம்மா எதிர் ஷெட்டுக்குப் போய்விட்டார். மைத்துனன் சாம்பலுக்கு மேலே கறுப்பு அடித்துக் கொடுத்தான்.

இப்போது அந்தக் கறுப்பு உரிய ஆரம்பித்திருந்தது.

டீக்கடை ஓரம் நின்றிருந்த லாரியின் கீழே, கைதவறி விழுந்த சில்லறையைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் கல்வெட்டு அதைக் கண்டார். பின்சக்கரத்துக்கு முன்னால் அண்டர்கோட்டிங் கருகிய தோசை விளிம்புபோல் எழும்பி நின்றது. விரலால் இழுத்தார். ஒரு முழ நீளத்துக்கு அப்படியே கையோடு வந்தது. உள்ளே இரும்பு ஏடு ஏடாகத் துரு பிடித்துக் கிடந்தது. அவர் முகத்தில் அப்போது பொங்கிய மகிழ்ச்சியை அவர் கல்யாணத்தன்றுகூட யாரும் பார்த்ததில்லை என்று டீக்கடைக்காரர் சாட்சி சொல்கிறார்.

உரிந்த பட்டையின் வெளிப்பக்கம் கறுப்பு, உட்பக்கம் சாம்பல். அதாவது மைத்துனனின் பூச்சு இவருடைய பூச்சைவிட்டுப் பிரியவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே இரும்பைவிட்டுப் பிரிந்திருந்தன. தொழில் தெரிந்தவன் இதைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பான். கல்வெட்டு அதைக் கறுப்புப் பக்கம் மட்டும் தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, பாருங்க. உங்க வண்டி செத்துக்கிட்டிருக்கு. கொன்னவன் எதிர் ஷெட்டுல உக்காந்து டீ குடிக்கிறான்.”

மீன் லாரி அம்மா பட்டையை வாங்கிப் பார்த்தார். “கொன்னது யாருன்னு நீ சொன்னா ஆச்சா மேஸ்திரி? எல்லாரையும் வெச்சுக்கிட்டு சுரண்டிக் காட்டு. அவன்தான்னா சந்தையில ஒரு வண்டி அவன் பக்கம் போகாது. ஷெட்டை மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

ஆறு வருடம் காத்திருந்த வார்த்தைகள். கேட்ட வேகத்தில் கல்வெட்டு தீர்ப்பையும் அங்கேயே எழுதிவிட்டார்.

“காட்டறேன்கா. ஆனா ஒண்ணு. இதுக்குக் காரணமானவன் எவனா இருந்தாலும், இந்த லாரிக்கு அடியில படுத்து, மெஷினைத் தொடாம, கையாலயே மொத்தச் சேசிஸையும் சுரண்டணும். முடிக்கிற வரைக்கும் தலைய வெளிய நீட்டக் கூடாது.”

“எவனா இருந்தாலும்?”

“எவனா இருந்தாலும்!”

ஞாயிறு காலை டீக்கடையை ஒட்டிய சந்தை மைதானத்தில் கூட்டம் கூடியது. டிரைவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், டீக்கடைப் பெஞ்சின் ஏழு பேரும். மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஷெட் போட வாங்கிய கடன் அவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கல்வெட்டு துவைத்து மடித்த காக்கிச் சட்டை போட்டு வந்திருந்தார். மல்லாந்து லாரிக்கு அடியில் போகிறவர் இஸ்திரி போட்ட சட்டையில் போனது அன்றுதான். உள்ளேயிருந்தே அவர் உரை தொடங்கியது.

“எல்லாரும் கேளுங்க. சேசிஸ்ல அங்கங்க பலத்துக்காகப் பெட்டி பெட்டியா மூடியிருப்பாங்க. உள்ள தண்ணி போனா வெளிய வரணும்ல? அதுக்குப் பெட்டிக்கு ஒண்ணா அடியில எட்டு ஓட்டை. பெயிண்டு அடிக்கும்போது ஓட்டை அடைஞ்சிடக் கூடாதுன்னு துணியத் திரிச்சுச் சொருகுவோம். காஞ்சதும் உருவிடுவோம். எட்டு போட்டா எட்டு எடுக்கணும். இது என் பட்டறைச் சட்டம். இந்தச் சட்டம் தெரியாத ஒருத்தன்…”

“மாமா, எனக்குத் தெரியும்” என்றான் மைத்துனன்.

“தெரிஞ்சும் ஓட்டைமேலயே கறுப்ப அடிச்சு மூடிட்டான்! தண்ணி உள்ளயே நின்னிருக்கு. நின்ன தண்ணி இரும்பைத் தின்னிருக்கு. இப்ப பாருங்க!”

சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு ணங் என்றது. ஓரிடத்தில் மட்டும் ஈர மண்ணைத் தட்டியதுபோல் தொப்பென்றது. அங்கே ஓர் அடி பலமாகப் போட்டார். தகடு உடைந்தது. ஆறு வருடத்து மீன் தண்ணீர், துருவும் சேறுமாய், சட்டத்தின் வயிற்றிலிருந்து நேராக அவர் முகத்தில் கொட்டியது.

கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கடி பின்வாங்கியது. கல்வெட்டு அசரவில்லை. “பாத்தீங்களா! இந்த ஓட்டையத்தான் அடைச்சிருக்கான்” என்று கத்திக்கொண்டே மைத்துனனின் கறுப்பைச் சுரண்டி விரலை உள்ளே விட்டார்.

உள்ளே மெத்தென்று ஏதோ இருந்தது. இழுத்தார். துணித் திரி. அதன்மேல் அவருடைய சாம்பல் பூச்சு கட்டியாக உறைந்திருந்தது. கறுப்பு அதற்கும் மேலே. பழுப்பேறிய மடிப்புகளைப் பிரித்தார். நடுமடிப்பில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. மஞ்சளில் ஒரு குட்டிச் சிவப்புக் குடை.

லாரிக்கு அடியில் உரை நின்றுவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு ஞாபகம் வந்தது, ஆறு வருடத்தில் முதல் தடவையாக. துணி எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. ஆத்திரத்தோடு வீட்டுக்குள் போனார். கையில் எது கிடைத்ததோ அதைச் சன்னலிலிருந்து கிழித்து வந்தார். எட்டாகக் கிழித்தார், எட்டையும் சொருகினார். உருவும்போது மைத்துனனுக்கு என்னென்ன தண்டனை கொடுப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அது ஞாபகம் இருந்தது. துணியை எண்ணியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

“என்ன மேஸ்திரி, சத்தத்தைக் காணோம்?” மீன் லாரி அம்மாவின் குரல்.

சின்னத் துணி. சட்டைப் பைக்குள் போட்டால் போயிற்று. பார்த்தவர் யாருமில்லை. கல்வெட்டு அதைப் பையில் வைக்கவும் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதற்கு ஆதாரம் நம்மிடம் இல்லை, வெளியே ஊர்ந்து வந்தார். தலைமயிரிலிருந்து மீன் தண்ணீர் சொட்டியது. பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினார்.

“ஏழுதான் எடுத்திருக்கேன்” என்றார்.

“காதுல விழலைய்யா, சத்தமா சொல்லு.”

“எட்டு போட்டேன்கா. ஏழுதான் எடுத்திருக்கேன்.”

மைத்துனன் கிட்டே வந்து துணியைப் பார்த்தான். பிறகு இன்னும் கிட்டே வந்தான். ரத்தம் முகத்துக்குத் திரும்பியது மட்டுமல்ல, கொஞ்சம் அதிகமாகவே திரும்பியது.

“இது எங்க அக்காவோட திரைல்ல?”

கல்வெட்டு முகத்து மீன் தண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்தார்.

“அடியில இருக்கறது உங்க வேலைன்னு நம்பித்தான் மாமா மேல அடிச்சேன்” என்றான் அவன், மிகவும் மரியாதையாக. ஆறு வருடமாகக் கல்வெட்டு அவன்மேல் எறிந்த எந்தக் கல்லும் இவ்வளவு கச்சிதமாகப் போய் விழுந்ததில்லை.

மீன் லாரி அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடியபடியே கேட்டார். “எவனா இருந்தாலும்னு சொன்னியே மேஸ்திரி?”

“சொன்னேன்கா.”

“அப்ப உள்ள போ.”

கல்வெட்டு உள்ளே போனார். கம்பி பிரஷ், சுரண்டி, சுத்தியல். மெஷின் கிடையாது. நான்கு நாள்.

முதல் நாள் மத்தியானம் மனைவி சோறு கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். தம்பி நீட்டிய துணியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“மீதி ஏழு எங்க?” என்று லாரியைப் பார்த்துக் கேட்டாள்.

உள்ளே சுரண்டுகிற வேகம் கூடியது.

“ஆறு வருஷமா என் தம்பியத் திருடன்னு சொன்னீங்க. தேதியெல்லாம் சொன்னீங்க. அன்னைக்கு நீங்க என்ன சட்டை போட்டிருந்தீங்கன்னு நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம்” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“ஊதாக் கட்டம். மூணாவது பொத்தான் இல்ல. நான்தான் மறுநாள் தெச்சுக் குடுத்தேன்.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் உண்மையான கல்வெட்டு யார் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

மைத்துனனும் சும்மா இருக்கவில்லை. தன் ஷெட்டிலிருந்து ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கொண்டுவந்து லாரிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். வேலை செய்ய அல்ல, பார்க்க. “மாமா, வலது பக்கம் பிசிறு இருக்கு.” “மாமா, அந்த மூலையில இன்னும் சிவப்பு தெரியுது.” “மாமா, கோட்டிங் மொத்தமா அடிக்கிறது ஒரு வியாதியாம், எங்கயோ படிச்சேன்.” டீக்கடையிலிருந்து அவனுக்கு மணிக்கொரு டீ போனது. பெஞ்சு ஏழு பேரின் உபயம்.

நான்காம் நாள், தின்றுபோன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் முடிந்தது. பிரைமர் என்னும் அடிப்பூச்சு காய்ந்தது. வீட்டுத் துணி எதையும் தொடக் கூடாது என்று மனைவியின் கட்டளை இருந்ததால் கல்வெட்டு தன் பழைய ஊதாக் கட்டச் சட்டையைக் கிழித்துத் திரித்து ஓட்டைகளில் சொருகினார். கறுப்பை அடித்தார், மெல்லிசாக. மைத்துனன் குனிந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்ல எதுவும் கிடைக்காமல் டீயைக் குடித்தான்.

மறுநாள் காலை பூச்சு காய்ந்திருந்தது. கல்வெட்டு உள்ளே போய்த் துணிகளை உருவ ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்து மைத்துனன் காலடியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விழுவது நின்றது. சுத்தியல் தரையில் வைக்கப்படும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். டீக்கடைப் பெஞ்சுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, உள்ளேயிருந்து அவர் கேட்டார்:

“மாப்ள… இப்ப எத்தனை எடுத்தேன்?”