தோளில் ஒற்றைத் தையல்

இலங்கையிலிருந்து வந்த முதல் வருடம், குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் என் கணவருக்கு வேலை கிடைத்தது. குளிர் தாங்காத அவருக்கு நானே ஒரு கோட்டு தைக்க உட்கார்ந்தேன். வந்து இறங்கியபோது முகாமில் கொடுத்த கம்பளியைத்தான் வெட்டினேன், அது சுலபத்தில் கிழியாது. உள்ளே காக்கித் துணி வைத்து, பக்கங்களில் விளிம்பை மடித்து இரட்டைத் தையல் போட்டேன். கோட்டுக் கையைத் தோளோடு சேர்க்கும்போது அவர் தடுத்தார்.

“அங்க மட்டும் ஒத்தத் தையல் போடு புள்ள. நூலும் லேசா இருக்கட்டும்.”

“இழுத்தா பிஞ்சுருமேங்க?”

“பியணும். போன மாசம் ஒருத்தன் சட்டக் கை மெஷின் பெல்ட்டுல மாட்டுச்சு. சட்ட கிழியல. ஆளையே இழுத்துருச்சு.”

செத்தவர் எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டுக்காரர். தோளில் ஒற்றைத் தையலே போட்டேன்.

அதன்பிறகு ஃபேக்டரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் கொழுந்து எடுத்தேன். ஆடி மழையில் ஒரு நாள் அது சட்டென்று நின்றது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் எதிரே நடந்து வந்தார். கோட்டில் இடது கை இல்லை. அவர் கை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மிச்சக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார்.

“தச்சுக் குடு. காலையில வேலைக்குப் போகணும்.”

ஊசியில் நூல் கோக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.