வில்லனுக்கு ஒரு பொண்ணு பாருங்க

மாய உலக நாவல் ஒன்று எழுதுகிறேன் என்று உங்களிடம் பெருமையடித்திருந்தேன் அல்லவா? போன வெள்ளிக்கிழமை அது குடைசாய்ந்துவிட்டது. சாய்த்தது என் மனைவி ரிஹானா.

இந்த மாதிரிக் கதையில் மந்திரத்துக்கு ஒரு விதி வேண்டும், ஓர் எல்லை வேண்டும். கைதட்டினால் எல்லாம் நடக்கும் என்றால் கதை எதற்கு? மண்டையை உடைத்து ஒரு விதி கண்டுபிடித்தேன் — மந்திரசக்தி ஒருவன் பிறந்த வீட்டில்தான் இருக்கும். குடிபெயர்ந்தால்... போச்சு!

அதனால் வில்லன் துர்வான் வீட்டைவிட்டு அசையமாட்டான். உள்ளே இருந்தபடியே மின்னலை வரவழைத்து ஊரை எரிப்பான். அவனை வெளியே இழுக்கக் கடைசி அத்தியாயத்தில் பெரிய போர். யானை, தீப்பந்தம், கப்பல்... என் உயிரே அந்தப் போரில்தான் இருந்தது.

ரிஹானா படித்து முடித்தாள்.

“இவன் இன்னும் கல்யாணம் முடிக்கல்லியா?”

“வில்லனுக்கு எதுக்குக் கல்யாணம்?”

“ஒரு பொண்ணப் பாருங்க. முடிச்சா பொண்ணுட ஊட்டுக்குத்தானே போகணும்? சக்தியெல்லாம் போயிரும்.”

தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கல்முனைக் கரையில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். நானே அப்படி வந்தவன், எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

“அவன் சம்மதிக்கணுமே!” என்றேன்.

“அவன்ட உம்மாட்ட கதைங்க. தங்கச்சிக்கு ஊடு குடுக்கணுமே... அவவே கெளப்பி உட்டுருவா.”

“இது வேற உலகம் ரிஹானா!”

“வேற உலகமா? வயல் இரிக்கி, கடலோரக் களப்பு இரிக்கி, பகலைக்குச் சோறும் கீரிமீன் ஆணமும் திங்கிறானுகள். எங்கட ஊர்தானே?”

கோபம் கோபமாக வந்தது. மந்திரத்துக்கு விதி எழுதுகிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் தன் விதியை என்னைக் கேட்காமலே உள்ளே நுழைத்துவிட்டிருக்கிறது.

போரை வெட்டினேன். அழாத குறைதான். புது முடிவில் துர்வானுக்கு ஆடம்பரமாக நிக்காஹ். மறுநாள் காலை, பெண் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தை நோக்கிக் கையைத் தூக்குகிறான். ஒரு பொறிகூட இல்லை. அப்போது உள்ளேயிருந்து மாமியாரின் குரல்:

“மருமகன், சும்மாதானே இரிக்கீங்க? சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வாங்களன்.”

இந்த வசனத்துக்கு நான் கற்பனை எதுவும் செய்யவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மாமியாரிடமிருந்தே வந்தது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கும் ஒரு காலத்தில் மின்னல் வரும், தெரியுமா?