துரை பங்களாவின் பின்வாசல்

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை ஒரு டாக்டரம்மா வாங்கி, இடிந்த கல்சுவரையெல்லாம் எடுத்துக் கட்டி, ஊரார் பார்க்கத் திறந்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனைவி இறந்தபின் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நகர்வதே இல்லை. நான் இருக்கும் தானா ராத்தா ஊரிலிருந்து தனியாகவே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

முன்கதவு அகலத் திறந்திருந்தது. ஆனால் என் கால்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துக் குசினிப் படிக்குப் போய்விட்டன. சின்ன வயதில் அம்மாவோடு துரை வீட்டு அழுக்குத் துணி வாங்க நின்ற இடம் அது. முன்வாசலை நாங்கள் மிதித்ததில்லை. அரசாங்க ஆபீசராக ஓய்வு பெற்ற நான், சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "ஐயா, முன்னால தொறந்துதானே இருக்கு?"

"தோட்டத்துல பொறந்தவன்மா. பழக்கம் லா," என்றேன் கூச்சத்தோடு.

அவர் சிரிக்கவில்லை. படியோரம் கிடந்த ரப்பர் செருப்பைக் காட்டினார்.

"அது என்னோடதுதான். எங்கப்பா இங்க தோட்டக்காரரு. வீட்டையே வாங்கிட்டேன், இன்னும் இப்படித்தான் வர்றேன். ஹால்ல தனியா உக்கார மனசு வரல. வாங்க, இன்னிக்கு முன்னால போலாம்."

இருவரும் வீட்டைச் சுற்றி நடந்து, முன்வாசல் வழியாக நுழைந்து, கணப்படுப்பு அருகே உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

திரும்பி வந்து, வழக்கம்போல் என் வீட்டுப் பின்கதவில் சாவியைப் போட்டபோதுதான் உறைத்தது. மனைவி போனதிலிருந்து நானும் முன்வாசலைத் திறக்கவே இல்லை. சுற்றி நடந்து போய்த் திறந்தேன். உள்ளே யாரும் இல்லைதான். இருந்தாலும் அவள் கோலம் போட்ட வாசல் வழியாகவே நுழைந்தேன்.