அவளுக்கு மட்டும் உளுந்தங்களி

எனக்குப் பதினைந்து வயது, தங்கைக்குப் பதின்மூன்று. அவள்தான் முதலில் வயதுக்கு வந்தாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் முதலில் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அந்த இரண்டாவது பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏற்கெனவே அவள் என்னைவிட நான்கு விரல் உயரம். அவளுக்குச் சிறிதாகிப்போன யூனிஃபார்மைத்தான் நான் போட்டேன். ஓட்டத்திலும் அவள்தான். விடியற்காலையில் பாகூர் ஏரிக்கரையில் இருவரும் ஓடுவோம். நான் மதகை எட்டுவதற்குள் அவள் தொட்டுத் திரும்பிக்கொண்டிருப்பாள்.

இதெல்லாம் போதாதென்று இப்போது அவளுக்கு மட்டும் தினமும் உளுந்தங்களி. கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி அம்மா கொடுப்பாள். இடுப்புக்கு வலுவாம். அந்த வாசனையில் எனக்கு வயிறெரிந்தது.

"எனக்கும் கொஞ்சம் குடுத்தா இன்னாம்மா? நானும் வளர வேணாமா?"

"ஒனக்கும் நேரம் வரும்டி, அப்ப துன்னு."

அந்த வாரமே பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப்போட்டி. இருநூறு மீட்டருக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பி.டி. டீச்சர் அவளுக்குப் பதிலாக என்னைச் சேர்த்தார். அவள் மூலையில், பாயில் உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

அவளுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். முன்னால் துணி அடைத்தும் லொடலொடவென்று ஆடியது. ஐந்தாவதாக வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூலையிலிருந்து கேட்டாள்: "மொதல்ல வந்தவ எவ்ளோ செகண்டுல ஓடுனாக்கா?"

"முப்பத்தொண்ணு."

"நான் முப்பதுல ஓடுவனே."

பெருமையடிக்கவில்லை, சும்மாதான் சொன்னாள். உண்மைதான். ஏரிக்கரையில் செல்போனை வைத்து நேரம் பார்த்தவளே நான்தான். அதனாலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதான் தட்டு தட்டா களி துன்றியே, அது போதாதா ஒனக்கு?" என்று கத்தினேன்.

அம்மா அப்போதுதான் வைத்துவிட்டுப் போயிருந்த தட்டை அவள் என் பக்கம் தள்ளினாள்.

"நீயே துன்னுக்கா. நாளைக்கு ஒரு தடவ ஏரிக்கரைக்கு ஓடிட்டு வந்துர்றேன். அம்மாகிட்ட எனக்காகக் கேளுக்கா."

தலையாட்டினேன். எண்ணெய் சொட்டச் சொட்ட அத்தனையையும் தின்று, தட்டை விரலால் வழித்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை.